படகுக்குப் போனவரைத் தேடி

துறைமுகத்தடிக் கிடங்கொன்றில் நான் எழுதுவினைஞர். தீப்பிடித்தால் ஆட்களை வெளியேற்றிப் பெயர் கூப்பிடும் பொறுப்புக்கு என்னைப் பயிற்றினார்கள். வெளியே வந்தபின் திரும்ப உள்ளே போகக்கூடாது என்பதுதான் முதல் பாடம்.

அடுத்த மாதமே சாக்கு அடுக்கில் தீப்பற்றியது. முற்றத்தில் பெயர் கூப்பிட்டேன். கிண்ணியாவிலிருந்து படகில் வேலைக்கு வந்துபோகும், எங்கள் எல்லாருக்கும் அண்ணன் முறையான நசீர் நானா மட்டும் பதில் சொல்லவில்லை. பாடத்தை மறந்து புகைக்குள் ஓடினேன். "நானா! நானா!" என்று கத்தக் கத்தத் தொண்டை அடைத்தது. தட்டுத்தடுமாறித் திரும்பி வெளியே வாசலைத் தாண்டிய கையோடு கூரைத் தகரம் எனக்குப் பின்னால் சரிந்தது.

காவலாளி ஓடி வந்தார். "அவர் நேரத்தோடயே படகுக்குப் போயிட்டாரே, தங்கச்சி!"

மறுநாள் நானாவைக் கண்டதும் அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இப்போது என்னிடம் சொல்லாமல் ஒருவரையும் போக விடுவதில்லை. நானாவோ படகுக்கு ஓடும் அவசரத்திலும் வாசலில் நின்று கத்துகிறார்: "நான் போறன், தேட வேணாம்!"