சாய்ந்த கோடுகள்

மணலைப் பார்க்க ரயிலேறி ராஜஸ்தான் வரை போக வேண்டுமா, பிள்ளைச்சாவடிக் கடற்கரையில் இல்லாத மணலா என்று கணவரிடம் சண்டை போட்டுவிட்டுத்தான் கிளம்பினேன். போன பிறகு வாயடைத்துப் போனேன். ஒன்றுமே இல்லாத இடம் என்று நினைத்திருந்தேன். விடிந்ததும் பார்த்தால் மணல் முழுக்கத் தடங்கள். வண்டு நடந்தது தையல் போட்டது போல, நரி போனது ஒற்றை வரிசையாக. தடத்தின் கடைசி வரை போய் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று என் கணவர் ஒரு விளையாட்டு வைத்தார். எங்கள் ஆறு வயது மகள் அதன்பின் சோறு தண்ணீர் கேட்கவில்லை.

ஓரிடத்தில் ஒன்றோடொன்று ஒட்டாத சாய்ந்த கோடுகள், ஏணிப்படி மாதிரி. அப்படி ஓர் அழகு. ஜீப் ஓட்டி வந்தவர் சட்டென்று மகளைத் தூக்கிக்கொண்டு இந்தியில் ஏதோ சொன்னார்.

"சுருட்டை விரியனாம். நம்ம ஊர்லயும் இருக்கு" என்றார் கணவர்.

"அப்ப இதுக்கும் கடைசில ஆளு இருக்குமா?" என்றாள் மகள்.

கருவடிக்குப்பம் வீட்டில் மாடி எடுக்க வாசலோரம் மணல் இறக்கியிருந்தோம். நாய், பூனை அசிங்கம் பண்ணாமலிருக்கத் தார்பாய் போட்டு மூடியிருந்தோம். ஊர் திரும்பிய வாரம், ஒரு காலையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். வெளியிலிருந்து மகள் கத்தினாள்.

"அம்மா, ராஜஸ்தான் கோடு நம்ம மணல்லயும் இருக்கு!"

"நாய் புரண்டிருக்கும். உள்ள வா."

"இல்லம்மா, ஏணி மாதிரியே இருக்கு. தார்பாய்க்குள்ள போயிருக்கு. தூக்கிப் பாக்குறேன்."

அடுப்பையும் அணைக்காமல், கதவையும் சாத்தாமல் ஓடினேன். அவள் குந்தி உட்கார்ந்து தார்பாயின் ஓரத்தை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருந்தாள். அவள் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி அது சுருண்டு கிடந்தது. காய்ந்த கடாயில் தண்ணீர் தெளித்தது போல ஒரு சத்தம். உடம்போடு உடம்பை உரசிக்கொண்டிருந்தது.

"பாப்பா, அசையாத" என்று பின்னாலிருந்து கணவரின் குரல் வந்தது. வாயில் பல் விளக்கிய நுரையோடு மெல்ல வந்து, அவளை அக்குளில் பிடித்து ஒரே இழுப்பாகத் தூக்கினார். தார்பாய் விழுந்தது.

எதிர்வீட்டுக்குள் ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டோம். அவள் கால், கை, விரலிடுக்கு எல்லாம் தடவித் தடவிப் பார்த்தேன். கடி எதுவும் இல்லை. அப்போதுதான் அழுதேன். "இந்த மனுஷன் வச்ச விளையாட்டு!" என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் பாம்பு பிடிப்பவருக்குப் போன் போட்டார்.

பாம்பு பிடிப்பவர் வந்தார். நீண்ட கொக்கியால் தார்பாயை விலக்கினார். ஒன்றும் இல்லை. மணலைக் கலைத்தார். அதிலும் இல்லை. பிறகு குனிந்து தரையைப் பார்த்தார்.

வாசலில் சிந்தியிருந்த மணலில் புதிதாகச் சாய்ந்த கோடுகள். எங்கள் வீட்டுப் படி வரை வந்திருந்தன. அதற்கு மேல் டைல்ஸ். டைல்ஸில் தடம் விழாது.