கருமாதி முடிந்த மாப்பிள்ளை

ஜீவராஜ் என்ற பெயரை மருதாயி முதலில் கேட்டது மாத்தளை முத்துமாரியம்மன் தேர் அன்றுதான். "கட்டுனா அவரத்தான் கட்டுவேன்" என்று மகள் ரஜிதா கூட்டத்துக்குள் வைத்துச் சொன்னாள். கட்டி வைத்தார்கள்.

மருமகன் லொறி ஓட்டும் வேலை என்று ரஷ்யாவுக்குப் போனார். அங்கே துப்பாக்கியைக் கொடுத்துச் சண்டைக்கு அனுப்பினார்கள். செத்துவிட்டார் என்று கூடப் போனவர் சேதி அனுப்பினார். தேயிலைத் தோட்டத்துச் சனம் கூடிக் கருமாதி செய்து, ரஜிதாவின் தாலியைக் கழற்றியது.

கருமாதி முடிந்த ஏழாம் மாதம் உக்ரைனிலிருந்து போன் வந்தது. மருமகன் சாகவில்லை, பிடிபட்டுக் கைதிகள் முகாமில் இருந்தார். பேச ஐந்து நிமிடம். ரஜிதா அழுதே மூன்றைத் தீர்த்தாள். மருதாயி போனைப் பிடுங்கினாள்.

"மாப்பிள்ள, ஒங்களுக்குக் கருமாதி முடிஞ்சிருச்சிங்க."

"அப்புடியா அத்தே. என்னா படைச்சீங்க?"

"ஆட்டுக்கறி, பலாக்கா, அரைப்போத்தல் சாராயம்."

"அடப்பாவமே. இங்க மூணு வேளையும் கோவா எல அவிச்ச தண்ணி."

பிறகு, "தாலி?" என்றார்.

"கழட்டியாச்சு. அதத் திரும்பப் போடக்கூடாதாம், பூசாரி சொல்றாரு. வந்து புதுசாக் கட்டுங்க."

"கட்டுறேன். அதுவரைக்கும் அவள வேற எங்கயும் குடுத்துறாதீங்க அத்தே."

"ஒரு மருமகனே போதும் சாமி. இன்னொன்னு தாங்காது."

போன் நின்றது. மருதாயி மகளைக் கூப்பிட்டு நெற்றியில் பொட்டு வைத்துவிட்டாள்.

ஜீவராஜ் இன்னும் அந்த முகாமில்தான் விறகு வெட்டிக்கொண்டிருக்கிறார்.