பூரி பார்த்தால் உட்கார வேண்டும்

திண்டிவனத்தில் மரக்காணம் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் குடியிருக்கும் தொம்மை, முப்பத்தொரு வருஷம் நீதிமன்ற வராண்டாவில் நின்று பெயர் கூப்பிட்டவர். டவாலி உத்தியோகம். வழக்கு எடுத்ததும் வெளியே வந்து வாதியை மூன்று தடவை, பிரதிவாதியை மூன்று தடவை கூப்பிட வேண்டும். மூன்றாவது கூப்பாட்டுக்கும் ஆள் வரவில்லையென்றால் வரவில்லை என்று எழுதிவிடுவார்கள். அதனால் மூன்றாவது கூப்பாட்டை மட்டும் தொம்மை அடிவயிற்றிலிருந்து எடுப்பார். எதிர்ச்சாரி டீக்கடையில் பஜ்ஜி தின்றுகொண்டிருப்பவன் பாதியில் போட்டுவிட்டு ஓடிவருவான்.

ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த பிறகு அவருக்குக் கூப்பிட ஆள் இல்லை. மனைவி இருதயசெல்வி சமையலறையில்தான் இருப்பாள். மெல்லக் கூப்பிட்டாலே காதில் விழும். மகள் வெனிலாவுக்கு விழுப்புரத்தில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கும் வேலை. காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம்தான் வருவாள். மனுஷன் கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்து நடந்து மொசைக் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அப்பாவின் நிலையைப் பார்த்துத்தான் வெனிலா ஒரு நாய்க்குட்டியைத் துண்டில் சுற்றி எடுத்து வந்தாள். கூட வேலை செய்கிற ராஜ்குமார் கொடுத்தது. ஒரிஜினல் லேப்ரடார் என்று சத்தியம் பண்ணியிருந்தான். நாலாவது மாதம் வால் சுருண்டு முதுகின்மேல் ஏறிக்கொண்டது. ஐந்தாவது மாதம் காதுகள் எழுந்து நின்றன. ராஜ்குமாரைக் கேட்டதற்கு, "தாய் லேப்தான். அப்பாவ நான் பாக்கல" என்றுவிட்டான்.

வெனிலா அதற்கு பிரின்ஸ் என்று பெயர் வைத்தாள். தொம்மை ஒப்புக்கொள்ளவில்லை.

"ஸ்ஸுன்னு முடியற பேரு வராண்டாவத் தாண்டாதும்மா. இழுத்துக் கூப்பிடத் தோதா இருக்கணும். சுப்பராயலூன்னு கூப்பிட்டா ரயில்வே கேட் வரைக்கும் போவும்."

"நாய்க்கு சுப்பராயலுன்னா பேர் வெப்பாங்க?"

"நெறத்தப் பாரு, பூரி மாதிரி இருக்குது. பூரின்னே வெச்சிரலாம்."

பூரி என்றே ஆயிற்று. மறுநாள் காலை ஏழு மணிக்குத் தொம்மை வாசலில் நின்று நெஞ்சை நிமிர்த்தி, "பூரீ... பூரீ... பூரீஈஈ!" என்று கூப்பிட்டார். மூன்றாவது வீட்டிலிருந்து மாசிலாமணி தூக்குவாளியோடு வெளியே வந்து, குருமாவும் உண்டா என்று கேட்டார்.

நாய் வந்தது. ஆனால் மூன்றாவது கூப்பாட்டுக்குத்தான் வந்தது. மூன்று முடிந்த பிறகுதான் தொம்மை பிஸ்கட் நீட்டுவார். முதல் இரண்டும் வெறும் காற்று என்று அது கண்டுகொண்டது. இருதயசெல்வி மீன் கழுவியபடியே "பூரி, பூரி" என்று இரண்டு தடவை கூப்பிட்டால், கொல்லைப்படியில் ஒரு காலைத் தூக்கியபடி அப்படியே நிற்கும். அவள் மூன்றாவதைச் சொல்லமாட்டாள். வைராக்கியம். மீன் குழம்பு கொதித்து இறங்கும்வரை நாயும் காலை இறக்காது.

அடுத்து உட்காரச் சொல்லிக்கொடுக்க வேண்டும். வெனிலா தன் கைப்பேசியில் வீடியோக்கள் காட்டினாள். அவற்றில் வெள்ளைக்காரர் ஒருவர் ஒரு சொல் சொல்கிறார், நாய் உட்காருகிறது, தீனி கொடுக்கிறார். தொம்மை அதே போல் பூரியை எதிரில் நிறுத்தி, "ஒக்காரு" என்றார். பூரி அவர் முகத்தைப் பார்த்தது. வீடியோவில் நாய்க்கு ஏற்கனவே தெரிந்திருக்கிறது, இதற்குத் தெரியவில்லை, தெரியாதவர்களுக்குச் செய்துகாட்டத்தான் வேண்டும் என்று தொம்மைக்குத் தோன்றியது. நாற்காலியை இழுத்துப்போட்டார். "ஒக்காரு" என்று சொல்லிவிட்டுத் தானே உட்கார்ந்து காட்டினார். பூரி கண் கொட்டாமல் பார்த்தது. இவ்வளவு கவனமாகப் பார்க்கிறதே என்று ஒரு பிஸ்கட் கொடுத்தார். எழுந்தார். மறுபடி "ஒக்காரு" என்றார். மறுபடி உட்கார்ந்தார். மறுபடி பிஸ்கட்.

ஒரு நாளைக்கு நாற்பது தடவை. பத்து நாளில் அவருடைய முழங்கால் தாழ்ப்பாள் மாதிரி சத்தம் போட ஆரம்பித்தது. பூரிக்கு விஷயம் தெளிவாகப் புரிந்துவிட்டது. மனிதர் நின்றால் பிஸ்கட் வராது. மனிதர் உட்கார்ந்தால் வரும். ஆகவே மனிதரை உட்காரவைக்க வேண்டும்.

பதினோராம் நாள் தொம்மை கூடத்துக்குள் நுழைந்ததும் படுத்திருந்த பூரி விருட்டென்று எழுந்து நின்றது. எதிரில் வந்து அவர் முகத்தையே பார்த்தது. அவர் உட்காரும்வரை அசையவில்லை. தொம்மைக்கு நீதிமன்றம் ஞாபகம் வந்தது. நீதிபதி உள்ளே வரும்போது இப்படித்தான் சபையே எழுந்து நிற்கும். அவர் உட்கார்ந்த பிறகுதான் மற்றவர்கள். முப்பத்தொரு வருஷம் அந்த மரியாதைக்கு வழிவிட்டு ஓரமாக நின்றவர் தொம்மை. இப்போது அதே மரியாதையை ஒரு ஜீவன் அவருக்குச் செய்கிறது!

"செல்வி, இங்க வந்து பாரு! நான் வந்தா எழுந்து நிக்குது!"

"ஒக்காரச் சொல்லித் தரேன்னுதான சொன்னீங்க? அது நின்னுக்கினு கெடக்குது. நீங்கதான் ஒக்காந்துக்கினு இருக்கீங்க."

தொம்மை அதைக் காதில் வாங்கவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் எழுந்து நிற்பதைவிட நல்ல பழக்கம் என்ன இருக்கிறது என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டார்.

யார் வந்தாலும் நின்றது என்பது உண்மைதான். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிற கோபி வாசலில் உருளையை இறக்கியதும் பூரி அவன் எதிரில் போய் நின்றது. அவன் இடப்பக்கம் நகர்ந்தால் இடப்பக்கம் நகர்ந்தது. வலப்பக்கம் போனால் வலப்பக்கம். குரைக்கவில்லை, உறுமவில்லை. அவன் உட்காருகிற மாதிரி தெரியாததால் பின்னால் சுற்றிப்போய் முழங்காலின் மடிப்பில் மூக்கால் ஒரு இடி இடித்தது. அந்த இடத்தில் இடி விழுந்தால் எப்பேர்ப்பட்ட ஆளுக்கும் கால் மடங்கிவிடும். கோபி சிலிண்டர்மேலேயே உட்கார்ந்துவிட்டான். பூரி தொம்மையைப் பார்த்தது. தொம்மை பிஸ்கட் கொடுத்தார். உட்கார்ந்தவனைச் சும்மா அனுப்ப முடியுமா? இருதயசெல்வி டீ போட்டாள்.

மின்கணக்கு எடுக்க வந்த அன்புச்செல்வி, "எனக்கு இன்னும் எம்பது வூடு இருக்குதுங்க, ஜல்தியாப் போவணும்" என்று கெஞ்சினாள். உட்கார்ந்துவிட்டுத்தான் போனாள். கூரியர்காரர் உட்கார்ந்தார். தண்ணீர்க் கேன் போடுகிறவர், தோளில் கேனோடு உட்கார்ந்தார். ஓட்டுக் கேட்க வந்த ஒரு வேட்பாளரும் அவரோடு வந்த பதினாறு பேரும், இருந்த நாலு நாற்காலி போதாமல், கூடத்தில் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து எழுந்து போனார்கள். அந்த ஒரு நாளில் பூரிக்குப் பதினேழு பிஸ்கட். இருதயசெல்விக்குப் பால் தீர்ந்துபோயிற்று.

"பேஜாராப் போச்சுடி வெனிலா. எவனாவது வந்தா ஒக்கார வெக்காம அனுப்ப மாட்டேங்குது. நான் வூடு வெச்சிருக்கேனா, டீக்கடை வெச்சிருக்கேனா?" என்று அவள் மகளிடம் முறையிட்டாள்.

வெனிலா விழுப்புரத்திலிருந்து ஒரு பயிற்சியாளரை அழைத்து வந்தாள். பெயர் செல்வகுமார். கறுப்பு டிராக்சூட், கழுத்தில் விசில். வந்ததும் தொம்மையிடம் கண்டிப்பாகச் சொன்னான்: "சார், முதல் ரூல். நாய்க்கு முன்னாடி நாம எறங்கிப் போவக் கூடாது. நான் நின்னுக்கினே இருப்பேன். அதுவா அடங்கும், பாருங்க."

பூரி அவன் எதிரில் வந்து நின்றது. அவன் நின்றான். பூரி நின்றது. காலை பத்தரைக்கு ஆரம்பித்தது. பூரி பின்னால் போய் இடித்தபோது அவன் தயாராக இருந்தான், முட்டியை இறுக்கிக்கொண்டான். வெயில் ஜன்னல் வழியாகக் கூடத்தின் பாதிவரை வந்து திரும்பிப் போனது. மாசிலாமணி எட்டிப் பார்த்தார். அவர் எட்டிப் பார்த்த குற்றத்துக்கு வாசற்படியில் உட்காரவைக்கப்பட்டார். பன்னிரண்டே முக்காலுக்கு இருதயசெல்வி சாப்பிடக் கூப்பிட்டாள். நெத்திலி வறுவல் வாசனை வந்தது. செல்வகுமாரின் முட்டி தளர்ந்த அந்த நொடியைப் பார்த்து பூரி இடித்தது. அவன் பொத்தென்று தரையில் உட்கார்ந்தான். தொம்மையின் கை, கேட்காமலேயே சட்டைப்பைக்குப் போய் பிஸ்கட்டை எடுத்து நீட்டியது.

செல்வகுமார் உட்கார்ந்தபடியே அந்தக் கையைப் பார்த்தான்.

"சார், ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்காதீங்க. அது மொறைச்சுப் பாக்குது, நீங்க ஒக்கார்றீங்க. அப்புறம் பிஸ்கட் குடுக்கறீங்க. இந்த வூட்ல டிரெயினிங் எடுத்தது யாருன்னு நீங்களே யோசிச்சுக்கங்க."

"அது மரியாதைக்கு நிக்குதுப்பா" என்றார் தொம்மை.

"பிஸ்கட்டுக்கு நிக்குது சார்."

 அன்று சாயங்காலம் பூரி எதிரில் வந்து நின்றபோது தொம்மை முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனாலும் உட்கார்ந்தார். முழங்கால் வலி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்து வீடு மந்திரிக்க ஃபாதர் வருவதாகச் சொல்லியிருந்தார். மாடியில் வெனிலாவுக்காகப் புதிதாக ஓர் அறை கட்டியிருந்தார்கள். ஃபாதர் இருதய அருண் பங்குக் கோயிலுக்குப் புதியவர், சின்ன வயசு, யார் மனதும் புண்படக் கூடாது என்று பார்த்துப் பார்த்துப் பேசுபவர். இருதயசெல்வி முதல்நாளே எச்சரித்தாள்: "ஃபாதர் வர்ற நேரத்துக்கு அதக் கட்டிப் போடணும். ஆமா."

தொம்மை கட்டினார். கொல்லையில், கொய்யா மரத்தில், பழைய பாவாடை நாடாவால். சங்கிலி இருந்தது. செல்வகுமார் என்ன சொன்னாலும், எழுந்து நின்று மரியாதை செய்த ஜீவனுக்கு அதைப் போட அவருக்கு மனம் வரவில்லை.

ஃபாதர் கூடத்தில் நின்று புத்தகத்தைத் திறந்தார். தீர்த்தச் செம்பைத் தொம்மை பிடித்துக்கொண்டார். "பிதா, சுதன்" என்று ஆரம்பிக்கும்போதே வாயில் பாதி நாடாவோடு பூரி வந்து எதிரில் நின்றது. ஃபாதர் புன்னகை செய்தார். அடுத்த நொடி பின்னாலிருந்து இடி. அங்கியோடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

இருதயசெல்வி கண்ணை மூடிக்கொண்டாள்.  ஃபாதர் சுற்றிலும் பார்த்தார். யாரும் நாயை விரட்டவில்லை. இது இந்த வீட்டு வழக்கம்போல என்று எடுத்துக்கொண்டு, உட்கார்ந்தபடியே ஜெபத்தை முடித்துத் தீர்த்தம் தெளித்தார். படுக்கையறைக்குப் போனார். இடிக்கு முன்பே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். சமையலறையில் அரிசி டிரம்மின்மேல் உட்கார்ந்தார். மாடிக்கு ஏறும்போது பாதியில் தானாகவே ஒரு படியில் உட்கார்ந்து, அங்கேயும் ஒரு சின்ன ஜெபம் சொன்னார். புது அறையில் ஒரு சாமானும் இல்லை. தரையில் சம்மணம் போட்டார். பக்கத்துக் குளியலறைக்கும் தெளித்துவிடலாமே என்று வெனிலா வாய் தவறிக் கேட்டுவிட்டாள். ஃபாதர் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்.

போகும்போது தொம்மையின் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்லா இருந்துச்சுங்க ஐயா. நாங்க எப்பவும் நின்னு அவசரமா முடிச்சிட்டுப் போயிடுறோம். உங்க வீட்ல ஒவ்வொரு ரூம்லயும் உக்காந்தேன். மனசுக்கு நிம்மதியா இருந்துச்சு."

அதோடு விட்டிருக்கலாம். அடுத்த வாரப் பிரசங்கத்தில் அதைச் சொன்னார். அதற்கு அடுத்த வாரத்திலிருந்து பங்கில் யார் வீட்டுக்கு மந்திரிக்கப் போனாலும், அறைக்கு ஒரு நாற்காலி என்று குளியலறை உட்படப் போட்டுவைத்திருந்தார்கள். கோயிலில் ஒரு டீச்சர் இருதயசெல்வியை நிறுத்தி, "இந்தப் பழக்கம் உங்க தாய்வீட்டு வழியா?" என்று பக்தியோடு விசாரித்தாள்.

இருதயசெல்விக்கு அவமானம் தாங்கவில்லை. திங்கட்கிழமை காலையே பிஸ்கட் டப்பாவைப் பிடுங்கி அரிசி டிரம்முக்குள் புதைத்தாள். பயிற்சியைத் தானே எடுத்துக்கொண்டாள். அவள் ஒரு கட்டளையும் சொல்லவில்லை. சோற்றில் கருவாட்டுத் துண்டு போட்ட தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பாள். பூரி எதிரில் நின்று முறைக்கும். அவளும் முறைப்பாள். பின்னால் போய் இடிக்கப் பார்க்கும். அவள் சுவரில் சாய்ந்து நின்றதால் இடிக்கப் பின்பக்கமே கிடைக்கவில்லை. முதல்நாள் முக்கால்மணி நேரம் கழித்து, களைத்துப்போய், பூரி பின்காலை மடித்து உட்கார்ந்தது. தட்டு கீழே இறங்கியது. மூன்றே வாரத்தில் யார் வந்தாலும் ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிற நாயாக அது மாறிவிட்டது.

"பாத்தீங்களா?" என்றாள் அவள்.

"பாத்தேன்" என்றார் தொம்மை. அவர் கூடத்துக்குள் வந்தபோது பூரி உட்கார்ந்தே இருந்தது. அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் வால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது. பிஸ்கட் இல்லை என்று தெரிந்தும் தட்டிக்கொண்டிருந்தது. அதைச் செல்வகுமாருக்குக் கைப்பேசியில் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

அந்த மாதம் சிலிண்டர் கொண்டுவந்த கோபி, உருளையை இறக்கியதும் நேராகக் கூடத்துக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். பூரி மூலையில் உட்கார்ந்து அவனைப் பார்த்தது. அவன் பூரியைப் பார்த்தான்.

"இன்னாங்க, எழுந்து வரல? ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"அத மாத்திட்டேன். இனிமே யாரும் ஒக்கார வேணாம்" என்றாள் இருதயசெல்வி.

"அதுக்கென்னங்க, பரவால்ல" என்றான் கோபி. எழுந்திருக்கவில்லை. அவன் இருக்கும்போதே அன்புச்செல்வி மின்கணக்கு எடுக்க வந்து, மீட்டரைப் பார்க்கும் முன்பு செருப்பைக் கழற்றிவிட்டு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்தாள். சந்துமுனையில் மாசிலாமணி செய்தித்தாளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வருவது தெரிந்தது. இருதயசெல்வி பால் பாத்திரத்தை அடுப்பில் வைத்தாள்.