விரத இலையை யாருக்கு ஒளித்தார்கள்?

நான் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் படிப்பிக்கிறேன். பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பெரிதாக அடிபட்ட ஒரு கேள்விதான் என் ஆய்வு. அரசன் தன் சமயத்துக்கு வரும்படி கட்டாயப்படுத்தினால், வாயளவில் ஒத்துக்கொண்டு மனதுக்குள் பழைய நம்பிக்கையை வைத்திருக்கலாமா? வெளியே செய்வது வெறும் வேடம், உள்ளே இருப்பதுதான் சமயம் என்று சிலர் வாதாடினார்கள். நானும் அந்தப் பக்கம் நின்றுதான் எழுதிக்கொண்டிருந்தேன்.

ஒரு புரட்டாதிச் சனியன்று தீவுப் பக்கம் நாரந்தனையில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வுபெற்றவர். விரதச் சோறு சாப்பிட்டு முடிந்ததும் வாழையிலையை மடித்து எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனார். மகன் கனடாவிலிருந்து கட்டிக்கொடுத்த வீடு. மேலே கொங்கிறீற் தட்டு, இலை செருகக் கிடுகுக் கூரையுமில்லை, ஓடுமில்லை. கொஞ்சநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, மழைத்தண்ணீர்ப் பீலிக்கும் சுவருக்கும் இடையில் செருகினார்.

"ஏன் அக்கா அங்க வைக்கிறியள்?"

"போத்துக்கேயப் பறங்கியின்ர காலத்தில விரதம் பிடிக்கிறது தெரிஞ்சா தண்டனையாம். அதால இலையை ஒளிச்சவையாம்."

"இப்ப ஆருக்கு ஒளிக்கிறியள்?"

அக்கா சிரித்தார். "ஒருத்தருக்கும் இல்லை. செருகாட்டி விரதம் முடிஞ்ச மாதிரியே இல்லையடி."

நான் பீலியையே பார்த்துக்கொண்டு நின்றேன். விரதத்தை மறைப்பதற்காகச் செய்தது, விரதத்தின் பங்காகவே ஆகிவிட்டது. இதில் எது வேடம், எது உள்ளே இருப்பது?

பக்கத்து வீட்டு அக்கா கத்தோலிக்க வேதக்காரர். வேலிக்கு அப்பால் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தவருக்கு எங்கள் பேச்சுக் கேட்டிருக்கிறது.

"தங்கச்சி, எங்கட அம்மாவும் பெரிய வெள்ளிக்குக் கஞ்சி குடிச்ச பனையோலைப் பிளாவைக் கூரையில செருகிறவ."

"நீங்கள் ஆருக்கு ஒளிச்சனீங்கள்?"

கையிலிருந்த சட்டையை அப்படியே பிடித்தபடி அவர் யோசித்தார். "தெரியேல்லையே. ஆரும் கேட்டதுமில்லை."

பறங்கியரின் சமயத்துக்கு மாறிய குடும்பம் பறங்கியருக்கு ஒளித்த பழக்கத்தையும் கூடவே கொண்டுபோனதா? அல்லது அவர்கள் வருவதற்கு முன்பே இது இந்தத் தீவில் இருந்ததா? வேலிக்கு இரண்டு பக்கமும் நின்று மூவரும் கதைத்தோம். பிடி கிடைக்கவில்லை. விடை தெரியாத ஒரு கேள்வி கிடைத்ததில் எனக்கு மட்டும் ஒரே சந்தோஷம்.

என் ஆய்வில் 'வெறும் வேடம்' என்று எழுதியிருந்த அத்தியாயத்தில் 'வெறும்' என்ற சொல்லை எடுத்துவிட்டேன். அத்தியாயம் இன்னும் முடியவில்லை. விரத இலையை ஏன் கூரையில் செருகுகிறார்கள் என்று போன கிழமை இறுப்பிட்டியில் ஒரு தோட்டக்காரரிடமும் கேட்டுப் பார்த்தேன்.

"நாய் இழுக்காம இருக்கத்தான்" என்றார் அவர்.