உதடு அசைந்ததால் ரத்தான தேர்வு

அக்காவுக்கு உதடு அசையாமல் படிக்கத் தெரியாது. ஒன்பது வருடமாக மருந்துக்கடையில் வேலை. அங்கே ஒரு வழக்கம்: மருந்தை அலமாரியிலிருந்து எடுக்கும்போது ஒருமுறை, சீட்டோடு ஒத்துப்பார்க்கும்போது ஒருமுறை, கையில் கொடுக்கும்போது ஒருமுறை பெயரையும் அளவையும் வாய்விட்டு வாசிக்க வேண்டும். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. கரண்ட் பில்லைக்கூட முணுமுணுத்துத்தான் பார்ப்பாள்.

முப்பத்தோரு வயதில் இணையவழிப் பட்டப்படிப்பில் சேர்ந்தாள். மதிய இடைவேளையில், கடையின் சரக்கறையில், அட்டைப்பெட்டியில் போனைச் சாய்த்து வைத்து வகுப்புக் கேட்பாள். மூன்று வருடத்தில் எல்லாம் தேறி, புள்ளியியல் மட்டும் மிஞ்சியது. வீட்டிலேயே கேமரா முன்னால் உட்கார்ந்து எழுதினாள். நாற்பதாவது நிமிடத்தில் திரை நின்றது. அறையில் வேறொருவரோடு பேசியதாகத் தெரிகிறது, தேர்வு ரத்து என்று வந்தது. அறையில் ஒரு பல்லிகூட இல்லை. கதவுக்கு வெளியே காவல் இருந்தவன் நான்.

இன்னும் ஒரே வாய்ப்பு. அதுவும் ரத்தானால் மறுபடி முதல் வருடத்திலிருந்து.

"வாய மூடிக்கிட்டு எழுதினாத்தான் பட்டமா? அப்ப இந்த ஜென்மத்துல உனக்கு இல்ல" என்றார் மாமா. பேருந்து ஓட்டுநர், தாலி கட்டிய நாளிலிருந்து அவளைச் சீண்டுவதே அவருக்குப் பொழுதுபோக்கு.

அவள் சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு பழகிப் பார்த்தாள். மாதிரித் தேர்வில் எழுபது எடுத்தவள் முப்பத்தொன்றுக்கு இறங்கினாள்.

"வாய மூடினா மூளையும் மூடிக்குதுடா."

"விஷயத்தச் சொல்லி எழுதிக் கேளேன்க்கா."

"என்னன்னு? எனக்கு வாய் ஆடும்னா? சின்னப் பசங்க படிக்கிற எடம்டா. சிரிப்பாங்க."

ஒரு வாரம் மடிக்கணினி மூடியே கிடந்தது.

பிறகு ஒருநாள் கடையில் ஒருவர் அவசரப்படுத்தியிருக்கிறார்: "என்னம்மா மந்திரம் ஓதுற, சீக்கிரம் குடு." அக்கா விடாமல் மூன்றாம் தடவையும் வாசித்தாள். அப்போதுதான் தெரிந்தது, ஐந்து மில்லிகிராம் கேட்ட இடத்தில் கையில் இருந்தது ஐம்பது. அவர் முகம் வெளிறிப்போனதாம்.

அன்று வீட்டுக்கு வந்தவள் செருப்பைக் கழற்றிய கையோடு பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தாள். 'எதையும் மூன்று தடவை உதடு அசைத்து வாசிப்பது என் தொழில் பழக்கம். அதை விட மாட்டேன். வேண்டுமானால் என்னைக் கவனிக்க ஓர் ஆளைப் போடுங்கள்.' நான்காம் நாள் பதில் வந்தது. மைக்கைத் திறந்து வைத்து எழுதலாம். ஒரு மேற்பார்வையாளர் பார்ப்பார்.

தேர்வன்று பாதியில் கணினியிலிருந்து ஒரு பெண்குரல்.

"கொஞ்சம் நிறுத்துங்க. என்ன பேசறீங்க?"

கதவுக்கு வெளியே நான் காதை ஒட்டி வைத்தேன்.

"கேள்வியத்தாங்க மேடம். ரெண்டாவது தடவ வாசிக்கிறேன்."

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"மூணு தடவன்னு எழுதியிருந்தீங்களே. வாசிங்க."

முடிவு வந்த மாலை போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பதிவெண், தாள், மதிப்பெண். உதடு ஒருமுறை அசைந்தது. நுழைவுச்சீட்டை எடுத்து ஒத்துப்பார்த்து இன்னொருமுறை.

"பாஸா பெயிலா, சொல்லித் தொலையேன்" என்றார் மாமா.

போனை அவர் கையில் கொடுத்தாள். "புள்ளியியல். அறுபத்தாறு. தேர்ச்சி" என்று வாய்விட்டு வாசித்தாள். பிறகுதான் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

மாமா போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். அவர் உதடும் அசைந்தது.