பால் பொங்கிய கண்ணாடி அடுப்பு

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். அதனால் எந்தப் பொருள் வாங்கினாலும் அதன் கையேட்டை அட்டை முதல் அட்டை வரை படிப்பது என் கடமை என்று நம்பியிருந்தேன். ஜொகூர் பாருவில் வாடகைக்கு எடுத்த வீட்டுக்குக் கண்ணாடி மேல்தட்டு வைத்த மின்சார அடுப்பு வாங்கியபோதும் படித்தேன். முக்கியமான வரிகளுக்கு மஞ்சள் மை பூசினேன்.

சொந்த ஊரான லாபிஸில் தனியாக இருந்த அம்மாவை என்னோடு வைத்துக்கொள்ள வேண்டும். அதற்காகத்தான் வீடும் அடுப்பும். அம்மா ஒரு சின்னப் பையோடு வந்தார்.

"பால் காய்ச்சிட்டு ரெண்டு நாள்ல போயிடுவேன்" என்றவர், அடுப்பைக் குனிந்து பார்த்தார். "இதுல சமைக்கிறதா, மொகம் பாத்துப் பொட்டு வைக்கிறதா?"

"ஸ்ட்ராங்கான கண்ணாடிம்மா. நான் படிச்சிட்டேன்."

பால் பொங்கி, சொல்லி வைத்ததுபோல் கிழக்குப் பக்கமாகவே வழிந்தது. அம்மா கும்பிட்டார். எனக்கோ 'சிந்தியதைக் காயவிடாமல் துடைக்கவும்' என்ற மஞ்சள் வரி ஞாபகம் வந்தது. குழாயில் துணியை நனைத்துக்கொண்டு பாய்ந்தேன்.

"டேய், பொங்குன பால யாராச்சும் தொடைப்பாங்களா!"

அவர் சொல்லி முடிப்பதற்குள் 'டக்'. மூலைக்கு மூலை விரிசல்.

மறுநாள் கடையிலிருந்து பழுதுபார்க்க வந்த அண்ணன் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"சூட்டுல ஈரத்துணி வச்சீங்களா தம்பி?"

"உடனே தொடைக்கச் சொல்லி புக்குல இருந்துச்சுண்ணே."

"அடுத்த வரி?"

எடுத்துப் பார்த்தேன். 'சூடாக இருக்கும்போது ஈரத்துணி கூடாது.' அதற்கு மஞ்சள் பூசியிருக்கவில்லை.

"ஒட்ட முடியாதுலா. மேல் கண்ணாடிய மாத்தணும். வர மூணு வாரம் ஆகும். அதுவரைக்கும் சுவிட்சு போட்றாதீங்க."

"அது வரைக்கும் சாப்பாட்டுக்கு என்னடா செய்வ?" என்றார் அம்மா.

"கடையிலதான்."

"பால் பொங்குன வீட்ல அடுப்பு எரியாம இருக்கறதா?" அன்று மாலையே என்னைக் கூட்டிப்போய் ஒரு கேஸ் அடுப்பு வாங்க வைத்தார்.

மூன்று வாரத்தில் புதுக் கண்ணாடி வந்தது. அம்மா தடவிப் பார்த்து, "நல்லா வழவழன்னு இருக்கு" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. சுவரில் இருந்த சுவிட்சை அணைத்துவிட்டு, அதன்மேல் சப்பாத்தி தேய்க்க ஆரம்பித்தார். பக்கத்தில் கேஸ் அடுப்பில் தோசைக்கல் காய்ந்துகொண்டிருந்தது.

"ரெண்டு நாள் இன்னும் ஆகலையாம்மா?" என்று மெல்லக் கேட்டேன்.

"உன்ன நம்பி இந்தக் கண்ணாடிய விட்டுட்டுப் போக முடியுமாடா?"