புஸ்பராணி கேட்ட கேள்வி

சல்லி என்ற ஊரின் கடற்கரையில் கணவர் வீரசிங்கத்தின் தோணி வந்ததும் மீனை ஏலம் கூறுவது புஸ்பராணிதான். அவரோடு விலை பேச வியாபாரிகள் கொஞ்சம் பயப்படுவார்கள்.

ஐம்பத்தொரு வயதில் அவருக்கு வயிறு உப்பத் தொடங்கியது. நாலு வாய்ச் சோற்றிலேயே நிறைந்துபோனது. வாய்வு என்று நினைத்து இஞ்சியும் உள்ளிப்பூண்டும் அவித்துக் குடித்தார். உடுப்பு ஒன்றும் அளவில்லாமல் போன பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். வயிற்றிலிருந்து நீர் எடுத்து, ஸ்கான் செய்து பார்த்தார்கள். கருமுட்டை உண்டாகும் சூலகத்தில் புற்றுநோய். வயிறு முழுக்கப் பரவியிருந்தது.

"அவவுக்குச் சொல்லவேண்டாம் டொக்டர். வெறும் கட்டியெண்டு சொல்லுங்கோ," என்று வீரசிங்கம் கெஞ்சினார்.

வெளியே இருந்த புஸ்பராணிக்கு அது கேட்டுவிட்டது. எழுந்து உள்ளே வந்தார்.

"நான் என்ன சின்னப்பிள்ளையே? எனக்கு வந்ததை எனக்குச் சொல்லுங்கோ. மாறுமோ?"

டொக்டர் ஓர் இளம்பெண். "முழுசா மாறுறது கஷ்டம் அம்மா. முதல்ல மருந்து ஏத்திக் கட்டியளைச் சுருக்குவம். பிறகு ஒப்பரேஷன், திரும்பவும் மருந்து. கனபேருக்கு அடங்கும். ஆனா அதில கனபேருக்குத் திரும்பி வரும். இவ்வளவு பரவினாப் பிறகு அஞ்சு வருசம் தாண்டுறவை பாதிக்கும் குறைவு."

புஸ்பராணி கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்தார்.

"என்ர அக்கா மார்பில புற்றுநோய் வந்து செத்தவ. என்ர மகளுக்கும் வருமோ?"

"வரலாம். பரம்பரையா வருதோ எண்டு ரத்தத்தில பாக்கலாம். முதல்ல உங்களுக்குப் பாப்பம்."

திரும்பி வரும்போது வீரசிங்கம் ஆட்டோவில் மெதுவாகச் சொன்னார்: "தனுஷிகாவுக்குக் கலியாணம் பேசுற நேரம். இதை வெளியில விடாதை."

"கலியாணம் நிண்டா நிக்கட்டும். பிள்ளை உயிரோட இருக்கோணும்."

தாய்க்கும் மகளுக்கும் பரிசோதனையில் ஒரே முடிவுதான் வந்தது: பரம்பரையாக வரும் பழுது இருவரிலும் இருந்தது. கதை பரவி, மாப்பிள்ளை வீட்டார் விலகிக்கொண்டார்கள். "எனக்குத் தெரியாமலே இருந்திருக்கலாம்" என்று அழுத தனுஷிகா, பல நாள் தாயுடன் முகம் கொடுத்துப் பேசவில்லை.

புஸ்பராணிக்கு முடி கொட்டியது. ஒப்பரேஷன் நடந்தது. ஒரு மீன்பிடிப் பருவம் கரையில் நின்று ஏலமும் கூறினார். பிறகு வயிற்றில் மறுபடி நீர் கோத்தது. வேறு மருந்து ஏற்றினார்கள், கேட்கவில்லை. இன்னொன்று ஏற்றலாம், இருக்கும் நாளைக் கொஞ்சம் நீட்டும் என்றார் டொக்டர்.

"வாந்தியெடுத்துக்கொண்டு படுத்துக் கிடக்கிற நாள் எனக்கு வேண்டாம். நோவுக்கு மட்டும் தாங்கோ."

கடைசி வாரங்களில் நோவு மருந்தைத் தனுஷிகாதான் வாயில் ஊற்றினாள். ஒருநாள் தாய் கேட்டார்: "என்னில கோவமோ?"

"ஓம் அம்மா. இப்பவும் இருக்கு," என்றாள் மகள், அவரது தலையை மடியில் வைத்தபடி.

புஸ்பராணி ஒரு மத்தியானம் இறந்துபோனார். தனுஷிகா இப்போது தவறாமல் பரிசோதனைக்குக் கிளினிக்குக்குப் போகிறாள். வீரசிங்கமும் கூடப் போகிறார். வழியில் இருவரும் அதிகம் கதைப்பதில்லை.